அரைக்காதுப் பூனையும் இரண்டு கட்டுரைகளும்

ஜமுனாமரத்தூர் அஞ்சல்,
ஜவ்வாது மலை.
26-7-1984

'மலைவேளாண்மை' காலாண்டு ஆய்விதழின் ஆசிரியர், பெருமதிப்புக்குரிய டாக்டர் பெ. சேட்டு ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும், இதழும், இதழை அச்சடிக்கும் இயந்திரமும் எந்தக் குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்விடம் நானும் என் மனைவி சுந்தரம்மாளும் நலம். என் வயிறு மட்டும் நலமில்லை. அதற்கு என்ன நேர்ந்தது என்பது கடிதத்தில் உரிய இடத்தில் வரும். தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

'சாமை விதை சேமிப்பில் நொச்சித் தழையின் பங்கு' என்ற என் கட்டுரை குறித்துத் தாங்கள் விளக்கம் கேட்டு எழுதிய கடிதம் சென்ற மாதம் 28ஆம் தேதி கைக்கு வந்தது. மலைப்பள்ளியில் பன்னிரண்டு வருடமாக அறிவியல் சொல்லிக் கொடுக்கும் கோபால்சாமி ஆகிய நான் எழுதிய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை அது. கடிதம் வந்ததும் அச்சேறிவிட்டது என்றுதான் நினைத்தேன். சுந்தரம்மாள் உறையைப் பிரிக்கும் முன்பே சர்க்கரை டப்பாவைத் திறந்துவிட்டாள். உள்ளே பார்த்தால், அதே வாரத்தில் வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் தாவரவியல் விரிவுரையாளர் திரு. ராஜாக்கண்ணு என்பவரிடமிருந்து 'சாமை விதைக் காப்பில் நொச்சியின் பயன்' என்றொரு கட்டுரை தங்களுக்கு வந்ததாகவும், இரண்டிலும் முப்பத்தேழு வரிகள் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதாகவும், யார் யாரைப் பார்த்து எழுதியது என்று முப்பது நாளுக்குள் இருவரும் தனித்தனியே விளக்க வேண்டும் என்றும், திருட்டு உறுதியானால் திருடியவர் பெயர் இதழின் பின்னட்டையில் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடப்படும் என்றும், ஐந்தாண்டுக்கு அவர் எழுதிய எதுவும் ஏற்கப்படாது என்றும் எழுதியிருந்தீர்கள். கூடவே அந்த முப்பத்தேழு வரிகளையும் சிவப்புப் பென்சிலால் கோடிட்ட நகலும் இருந்தது. சுந்தரம்மாள் சர்க்கரை டப்பாவை மூடிவிட்டாள்.

ஐயா, ஐந்தாண்டுத் தடையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இந்த ஒரு கட்டுரை எழுதவே எனக்கு ஏழு ஆண்டு ஆயிற்று. கறுப்புக் கட்டம்தான் என்னை உலுக்கிவிட்டது. என் கட்டுரை வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் சுந்தரம்மாள் கலசப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் உறவுக்காரர்கள் பதினோரு பேரைத் தங்கள் இதழுக்குச் சந்தாதாரர் ஆக்கியிருக்கிறாள். அவர்களில் ஏழு பேருக்கு எழுத்து தெரியாது. ஆனால் கறுப்புக் கட்டம் தெரியும். எங்கள் பக்கத்தில் ஒருவன் பெயரைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பதினோரு குடும்பமும் மாலையோடு பஸ் பிடித்து மலையேறி வந்து, நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ஏமாந்து, பிறகு காரணம் கேட்டு, நான் திருடன் என்று தெரிந்துகொண்டு திரும்பிப் போவார்கள். செத்துப்போனவனாக இருந்திருந்தால்கூட நல்லவன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

ஆகவே திருடன் நானில்லை, அந்த ராஜாக்கண்ணுதான் என்று நிரூபித்தே தீருவது என்று கிளம்பினேன். முதலில் என் சந்தேகம் கட்டுரையைத் தட்டச்சு செய்து கொடுத்த கலசப்பாக்கம் மங்கம்மாள் மீது போனது. என் கையெழுத்துப் பிரதி இரண்டு வாரம் அந்த அம்மாவின் மேசையில்தான் கிடந்தது. போய், சுற்றி வளைத்து, வேலூர்ப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது உண்டா என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா தட்டுவதை நிறுத்தாமலே என்னைப் பார்த்து, "இன்னா சார் சுத்தறீங்க, நேரா கேளுங்க. உங்க கட்டுரையத் திருடறதுக்கு அதுல இன்னா கீது? நான் அடிச்சதிலயே தூக்கம் வராம அடிச்ச வரி ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பூனை வரி" என்றார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதிலில்தான் எனக்கு வழி பிறந்தது.

தாங்களும் அந்த வரிக்கு மட்டும் இரட்டைக் கோடு போட்டிருந்தீர்கள். இருபத்தொன்பதாவது வரி. "விதைப்பானையின் அருகே இடக்காது பாதியாக உள்ள சாம்பல்நிறப் பூனை ஒன்று காவல் இருத்தல் நலம்." ஓரத்தில் தாங்கள், 'நொச்சியை இருவர் கண்டறியலாம். இந்தப் பூனையை இருவர் எப்படிக் கண்டறிந்தனர்?' என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அந்தப் பூனை யாருடையது என்று எனக்குத் தெரியும். புளியங்கொல்லை கிராமத்தில் சாமையும் புளியும் விளைவிக்கும் மாதம்மாள் வீட்டுப் பூனை அது. மாசி மாதம் அந்த வீட்டில் உட்கார்ந்துதான் நான் குறிப்பெடுத்தேன். ஆக, ராஜாக்கண்ணு என்ற ஆள் புளியங்கொல்லைக்கு வந்ததே இல்லை என்று மாதம்மாளிடம் எழுதி வாங்கி, கைரேகை வைத்துத் தங்களுக்கு அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்தது. இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மைப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆறு மைல் நடந்தேன்.

போய்ச் சேர்ந்தால் மாதம்மாள் வீட்டுக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. உள்ளே பேன்ட் சட்டை போட்ட ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் காகிதம் வைத்துக்கொண்டு, "கோபால்சாமின்னு ஒரு வாத்தியாரு இங்க வந்ததே இல்லன்னு சொல்லுங்கம்மா, மீதிய நான் எழுதிக்கறேன்" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார். அவர் சட்டைப் பையிலும் ஒரு மைப்பெட்டி. ஆலங்காயம் வழியாக விடியற்காலையிலேயே ஏறி வந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

அப்புறம் நாங்கள் பேசிக்கொண்டதைத் தங்களைப் போன்ற பெரியவருக்கு எழுத முடியாது. கால்மணி நேரம் ஒருவரை ஒருவர் திருடன் என்று சொல்லிக்கொண்டோம். அவர் என்னைவிட இருபது வயது சின்னவர், ஆகவே மூச்சு அவருக்கு அதிகம். அதுவரை மாதம்மாள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகை படிந்த பரணிலிருந்து விதைப்பானையை இறக்கி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் வாயை ஏதோ கெட்டிக் காகிதத்தால் மூடி, நூல் சுற்றி, மேலே செம்மண் பூசியிருந்தது. பூனை அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியதும் மாதம்மாள் சொன்னார்.

"முடிச்சிட்டீங்களா? தையில இவரு வந்தாரு. மாசியில நீங்க வந்தீங்க. ரெண்டு பேருக்கும் சொன்னது நானு. இதுல எவன் எவன்கிட்ட திருடினான்?"

"அப்படியானா முப்பத்தேழு வரியும் எப்படிம்மா ஒண்ணா இருக்கும்?" என்று ராஜாக்கண்ணு கேட்டார்.

"வேற எப்டி இருக்கும்? வெத வெக்கிற மொற ஒண்ணுதான? மாமியா மருமவளுக்கு சொல்றது. எப்டி கேட்டமோ அப்டியே சொல்லணும், ஒரு வார்த்த தள்ளக் கூடாது. உனக்கு ஒண்ணு அவருக்கு ஒண்ணுன்னு சொன்னா வெத புழுத்துப் பூடும்" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடி, சாம்பலில் தொடங்கி நொச்சியில் புகுந்து பூனையைத் தாண்டி, மூச்சு விடாமல் முழுவதையும் ஒப்பித்தார். எங்கள் இருவர் கட்டுரையும் அப்படியே வந்தது. நாங்கள் செய்திருந்த ஆராய்ச்சியெல்லாம் 'கீது' என்று அவர் சொன்ன இடத்தில் 'உள்ளது' என்று எழுதியதுதான்.

பூனையைப் பற்றியும் கேட்டோம். அந்த வீட்டுப் பூனைகளுக்கெல்லாம் குட்டியிலேயே இடக்காதைக் கொஞ்சம் நறுக்கி விடுவார்களாம். அக்கம்பக்கத்தில் யாராவது கொண்டுபோய் வைத்துக்கொண்டாலும் எந்த வீட்டுப் பூனை என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக.

எங்களுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன். நானும் திருடவில்லை, அவரும் திருடவில்லை. கறுப்புக் கட்டம் இரண்டு பேருக்குமே இல்லை. ராஜாக்கண்ணு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் மனிதர், இந்தப் பழி விழுந்தால் பதிவே போய்விடும் என்று கடிதம் வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம். இரண்டு மைப்பெட்டிகளையும் திறந்து வைத்து, நடந்ததை எழுதி, "இங்கே ஒரு ரேகை வைங்கம்மா" என்று நீட்டினோம். மாதம்மாள் கட்டைவிரலை மையில் வைக்கப் போனவர் நிறுத்தினார்.

"ரெண்டு பேரும் எழுதினீங்களே, அதுல எம்பேரு எங்க கீது?"

நான் என் பிரதியைப் புரட்டினேன். அவர் அவருடையதைப் புரட்டினார். தாங்கள் கோடிட்ட சிவப்பைத் தவிர அதில் வேறொன்றும் தென்படவில்லை. என் கட்டுரையில் 'தகவலாளி ஒருவர்' என்று எழுதியிருந்தேன். அவர் 'களஆய்வில் கண்டறியப்பட்டது' என்று எழுதியிருந்தார். யார் கண்டறிந்தது என்பதற்கு அதில் ஆளே இல்லை. பூனைக்குக்கூட நிறம், காது எல்லாம் எழுதியிருந்தோம்.

மாதம்மாள் கோபப்படவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய் ஊர்ப் பெரியதனக்காரர் சடையனைக் கூட்டி வந்துவிட்டார். அரைமணி நேரத்தில் ஊரே கூடிவிட்டது. சடையன் எங்களைவிட மரியாதையாகப் பேசும் மனிதர். இரண்டு பேரையும் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அதற்குப் பிறகுதான் விசாரணையை ஆரம்பித்தார்.

"சார்ங்களே, மாதம்மா வூட்ல வெத வாங்கினீங்களா?"

"விதை இல்லைங்க, தகவல்" என்றேன் நான்.

"வாங்கினதக் கொண்டுபோயி எங்கியாவது போட்டீங்களா?"

"பத்திரிகைக்கு அனுப்பினோம். அச்சாகும்னு காத்திருந்தோம்" என்றார் ராஜாக்கண்ணு.

"போட்டீங்க, மொளைக்கும்னு காத்துக்கினு இருந்தீங்க. அப்ப அது வெததான்" என்று சடையன் முடித்துவிட்டார். கூட்டம் முழுவதும் தலையாட்டியது. ஐயா, நான் அறிவியல் ஆசிரியன், நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

அந்த ஊர் வழக்கத்தைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே விதை இல்லாதவர் இன்னொரு வீட்டில் கேட்டு வாங்கலாம், யாரும் இல்லை என்று சொல்வதில்லை. ஆனால் முதல் பிடியை நிலத்தில் தூவும் முன்பு, பக்கத்துக் கொல்லைக்காரர் காதில் விழும்படி 'இது இன்னார் வூட்டு வெத' என்று சொல்லிவிட்டுத்தான் தூவ வேண்டும். அறுத்த பிறகு வாங்கிய அளவோடு ஒரு படி கூடச் சேர்த்துத் திருப்ப வேண்டும். பெயரைச் சொல்லாமல் தூவிவிட்டால் அதற்கு ஒரு தண்டனை உண்டு. ஊரில் இருக்கும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, இது இன்னார் வீட்டு விதை, சொல்லாமல் விட்டது தப்பு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதைக் கேட்டுக்கொண்டதற்கு அடையாளமாக அந்த வீட்டார் ஒரு செம்பு கூழ் கொடுப்பார்கள். அதைக் குடித்தால்தான் சொன்னது செல்லும். குடிக்காவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும். புளியங்கொல்லையில் மொத்தம் இருபத்தெட்டு வீடு.

முதல் ஐந்து வீடு சிரித்துக்கொண்டே போனோம். நல்ல கூழ், தொட்டுக்கொள்ள மிளகாயும் கொடுத்தார்கள். ஒன்பதாவது வீட்டில் ராஜாக்கண்ணு பெல்ட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பதினோராவது வீட்டில் நான், அரைச் செம்பு போதுமா என்று கேட்டேன். "அரை மன்னிப்பு கேட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டார்கள். பதினாறில் ஓர் அம்மா வெளியே வந்து நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "மாதம்மா வூட்டு வெதன்னு எங்களுக்குத் தெரியாதா? இத்த சொல்லவா இம்மாந்தூரம் வந்தீங்க? செரி, குடிங்க" என்றார். பூனை எங்களோடு எல்லா வீட்டுக்கும் வந்தது. இருபத்தொன்றாவது வீட்டில் ராஜாக்கண்ணு என்னைப் பார்த்து, "சார், கறுப்புக் கட்டமே தேவல சார்" என்றார். அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிறகு எழுந்து, மீதி ஏழு வீட்டையும் முடித்தோம். என் வயிற்றுக்கு நேர்ந்தது இதுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் சில வீடுகளில் நான் சொன்னதெல்லாம் உதட்டளவில்தான். பாதி வழிக்கு மேல் எனக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. பன்னிரண்டு வருடமாகப் பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிய பிள்ளைகளைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தவன் நான். ஏழு வருடம் பாடுபட்டேன் என்று சுந்தரம்மாளிடம் பெருமையடித்துக்கொண்டதில் ஆறு வருடம் பதினோரு மாதம் பேப்பர் வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்ததுதான், எழுதியது மாதம்மாள் வீட்டில் ஒரே பிற்பகல். திருடியவனைத் தேடிக்கொண்டு போனவன் அவனை என் சட்டைக்குள்ளேயே கண்டுபிடித்தேன். கடைசி வீட்டில் செம்பைக் கவிழ்த்து வைத்தபோது வயிறு கனத்தது, மனசு லேசாகிவிட்டது. சடையன் எங்கள் இருவர் கையையும் பிடித்து, "ஆச்சி, தீந்துபோச்சி, இனிமே யாரும் இத்தப் பேசக் கூடாது" என்று ஊருக்குச் சொன்னார். அதற்குப் பிறகு உண்மையிலேயே யாரும் பேசவில்லை. மாதம்மாள் பெரிய புளி உருண்டையாக ஆளுக்கு ஒன்று கொடுத்து அனுப்பினார்.

ஆகவே, ஐயா, தங்களுக்கு என் பணிவான வேண்டுகோள். எங்கள் இருவர் கட்டுரைகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். பதிலுக்கு இத்துடன் ஒரே கட்டுரையாக எழுதி வைத்திருக்கிறோம். முதல் பெயர் மாதம்மாள். அடுத்து அவருடைய காலஞ்சென்ற மாமியார் குப்பம்மா பெயர், அவரிடம்தான் தான் கேட்டதாக மாதம்மாள் சொல்லிப் போடச் சொன்னார். எங்கள் பெயர்கள் அடியில் சிறிய எழுத்தில், 'எழுதிக்கொண்டவர்கள்' என்று இருந்தால் போதும். வாங்கிய விதையோடு ஒரு படி கூடச் சேர்த்துத் திருப்ப வேண்டும் என்ற முறைப்படி, நொச்சி போட்ட விதை எத்தனை முளைத்தது, போடாதது எத்தனை முளைத்தது என்று ராஜாக்கண்ணு தன் கல்லூரிச் சோதனைச்சாலையில் பார்த்து எழுதிய ஒரு பக்கத்தையும் சேர்த்திருக்கிறோம். அது நிஜமாகவே அவர் செய்தது. நான் கூட இருந்து எண்ணினேன். இனிமேல் தங்களுக்கு வரும் எல்லாக் கட்டுரைகளின் முதல் வரியிலும் 'இது யார் வீட்டு விதை' என்று எழுதச் சொன்னால், தங்கள் சிவப்புப் பென்சிலுக்குச் செலவு குறையும் என்பது என் தாழ்மையான யோசனை. கறுப்புக் கட்டத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தகுதியில்லாதவன். ஆனாலும் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துத் திருந்தியவன் எவனும் இருப்பானா என்று தெரியவில்லை, இருபத்தெட்டுச் செம்பு கூழ் குடித்தவன் மறுபடி ஒரு வரியைக்கூடத் தொட மாட்டான்.

தாங்கள் நீண்ட காலம் நல்ல உடம்போடு இருந்து, இந்த மலைகளைப் பற்றி இன்னும் பல இதழ்கள் கொண்டுவர வேண்டும். தங்கள் பின்னட்டையில் கட்டம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். சுந்தரம்மாள் தன் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னாள், சந்தாதாரர் பதினோரு பேரும் நலம் என்றும் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் கண்டிப்பை மதிக்கும்,
கோபால்சாமி

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டியிருந்தேன், பிரித்து இதைச் சேர்க்கிறேன். மாதம்மாளின் கைரேகை மட்டும் பாக்கி இருந்ததால் இன்று காலை மறுபடி புளியங்கொல்லை போனேன். விதைப்புக்காக விதைப்பானையைத் திறந்துகொண்டிருந்தார்கள். வாயில் கட்டியிருந்த காகிதத்தை மாதம்மாள் என்னிடம் கொடுத்து, "கெட்டி காயிதம் சார், இருவது வருசத்துக்கு மேல கீது, எலி தொட்டதில்ல. உங்க கடுதாசிக்கு மேல சுத்தி அனுப்புங்க" என்றார். செம்மண்ணைத் தட்டிவிட்டு விரித்துப் பார்த்தேன். ஓர் ஆய்விதழிலிருந்து தனியாக எடுத்த அச்சுப்பிரதி. 'மலைவேளாண்மை', முதல் ஆண்டு, முதல் இதழ், 1962. கட்டுரையின் தலைப்பு 'சாமை விதைப் பாதுகாப்பு: எனது கண்டுபிடிப்புகள்'. எழுதியவர் பெ. சேட்டு. மேல் ஓரத்தில் 'அன்புடன்' என்று மையில் கையொப்பம். தாங்கள் எனக்கு அனுப்பிய கடிதத்தில் உள்ள அதே கையொப்பம்.

முப்பத்தேழு வரிகளும் உள்ளன, ஐயா. இருபத்தொன்பதாவது வரியில் பூனையும் இருக்கிறது, இடக்காது பாதியாக. எங்கள் கட்டுரைகளைப் படித்தபோது எங்கேயோ பார்த்த வரிகள் என்று தங்களுக்குத் தோன்றியிருக்கும், அதனால்தான் அவ்வளவு விரைவாகக் கண்டுபிடித்தீர்கள் போலும். குப்பம்மாவின் பெயரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். மாதம்மாளிடம் படித்துக் காட்டினேன். "அவரா? ஒல்லியா, மூக்குக் கண்ணாடி போட்டுக்கினு வருவாரு. எங்க மாமியாரு சேட்டுத் தம்பின்னுதான் கூப்டும். ரெண்டு நாளு இங்கதான் தங்கி எழுதிக்கினாரு. நல்ல மனுசன்" என்றார். கோபம் இல்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சடையனைக் கூப்பிடப் போய்விட்டார்.

தாங்கள் வந்த காலத்தில் ஊரில் பத்தொன்பது வீடுதான் இருந்ததாம். ஆனாலும் இப்போதைய கணக்குதான் செல்லும் என்று சடையன் சொல்கிறார். ராஜாக்கண்ணு தன் மோட்டார் சைக்கிளிலேயே தங்களை ஏற்றிவருவதாக ஒப்புக்கொள்வார், அது என் பொறுப்பு. எந்த ஞாயிற்றுக்கிழமை தோதுப்படும் என்று ஒரு கார்டு போடுங்கள். புறப்படும்போது வீட்டில் எதுவும் சாப்பிடாமல் வரவும்.